கடற்கதவு திறந்தவர்

மாந்தர் எத்துணையோ நூற்றாண்டுகளாகக் கடலோடு பழகியும், அதன் மேற்பரப்பைக் கண்டனரேயன்றி உள்ளகத்தைக் கண்டாரல்லர். மீனவர் வலை வீசி உள்ளிருப்பவற்றை வெளியே இழுத்தனர்; மாலுமியர் அதன்மேற் சென்று மறுகரை சேர்ந்தனர். நம் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் கல்லைத் துணைக்கொண்டு அடித்தளம் வரை இறங்கினராயினும், ஒரு மூச்சு நிற்கும் அளவே அவர்க்கு அங்குக் கிடைத்த காலம். தலைக்கவசமும் கனத்த உடையும் அணிந்து மூழ்கியோர் நெடுநேரம் தங்கினர். ஆயின் அவர்கள் படகினின்று வரும் காற்றுக் குழாயாற் கட்டுண்டு, ஈயம் பதித்த காலணியோடு அடிமேல் அடி வைத்து நடக்கவேண்டியவராயினர். மீனைப் போலக் கட்டின்றி நீந்திப் பவளப் பாறைகளினிடையேயும் மூழ்கிய கப்பல்களின் அறைகளுள்ளும் உலாவும் வழியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவர் பிரெஞ்சுக் கடற்படை அலுவலராயிருந்த ஜாக் ஈவ் கூஸ்தோ என்பவர். திறந்த கதவின் வழியே தாமும் பிறரும் புகுந்து செய்த தீங்குகளைக் கண்டு, பிற்காலத்தில் அக்கதவிற்குக் காவலராகவும் அவர் நின்றார். அவருடைய வரலாறு இளைஞர் அறிந்து ஆராய்தற்குரியது.

கூஸ்தோ 1910-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள், பிரான்சு நாட்டின் தென்மேற்கே போர்தோ நகருக்கு அண்மையிலுள்ள சேந்தாந்ரே தெ குப்சாக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தானியேல் சட்டம் பயின்றவர். செல்வரான அமெரிக்கர்க்குச் செயலாளராக அமர்ந்து, அவர் செல்லுமிடமெல்லாம் உடன் சென்றவர். ஆதலின் மைந்தரின் இளமை ஓரூரில் நிலைபெறாது கழிந்தது. நோய்வாய்ப்பட்ட அக்குழந்தைக்கு நீச்சலே இன்பமாயிற்று. பத்து வயதளவில் குடும்பத்தாருடன் நியூயார்க் நகரில் தங்கியிருந்தபோது, கோடை விடுமுறையில் வெர்மான்ட் மாகாணத்து ஏரிக்கரை முகாம் ஒன்றிற்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கு ஏரியின் அடியிற் கிடந்த மரக்கிளைகளை மூழ்கி அகற்றுமாறு ஆசிரியர் பணித்தார். தண்டனை போல வந்த அவ்வேலையே நீருக்குள்ளே உலாவும் பழக்கத்தை அவர்க்கு முதன்முதல் அளித்தது.

பதின்மூன்றாம் வயதிற் சிறு படக்கருவி ஒன்றைத் தம் சேமிப்பைக்கொண்டு வாங்கினார். வாங்கியவுடன் அதனைப் பிரித்து உறுப்புக்களை ஆராய்ந்து மீண்டும் பூட்டினார். பள்ளிப் படிப்பில் மட்டும் மனம் செல்லவில்லை. பள்ளியின் சன்னற் கண்ணாடிகளை உடைத்த குற்றத்திற்காக விலக்கப்பட்டார். பின்பு ஆல்சாஸ் பகுதியிலுள்ள கட்டுப்பாடு மிக்க பள்ளியொன்றிற் சேர்ந்து நல்வழிப்பட்டு, 1930-இல் பிரெஸ்ட் நகரத்துக் கடற்படைக் கல்லூரியிற் புகுந்தார். கண்ணாடி உடைத்த சிறுவன் கடற்படை அலுவலரானது, பள்ளியில் ஒருகாற் சறுக்கியவரெல்லாம் வாழ்க்கையில் வீழ்ந்தாரல்லர் என்பதற்குச் சான்றாகும்.

வானவூர்தி செலுத்துபவராதல் வேண்டுமென்பதே அவர் கொண்ட விருப்பம். அப்பயிற்சி நிறைவெய்துமுன், 1936-இல் இரவிற் காரோட்டிச் செல்கையில் நேர்ந்த விபத்தில் இரு கைகளும் முறிந்தன. நெடுநாள் மருத்துவத்தின்பின் உயிர்க்கு இடையூறின்றித் தேறினாரெனினும், விமானப் படை அவர்க்கு எட்டாததாயிற்று. கைகள் வலுப்பெறும்பொருட்டுத் தூலோன் துறைமுகத்தை அடுத்த கடலில் நாடோறும் நீந்தினார். ஆங்கு உடனலுவலரான பிலிப் தையே என்பார் நீரிற் காண்பதற்குரிய கண்ணாடி ஒன்றை அவர்க்குக் கொடுத்தார். அதனை அணிந்து முகத்தை நீருள் ஆழ்த்திய அந்நொடியில், கரையோரத்துப் பாறைகளும் பாசிகளும் மீன்களும் தெளிவாகத் தோன்றின. தலையை நிமிர்த்தால் பேருந்துகளும் விளக்குக் கம்பங்களும். தாழ்த்தினால் வேறோர் உலகம். இழந்த வானிற்கு ஈடாகக் கடல் கிடைத்தது.

தையேயும், பிரெதெரிக் தூமா என்னும் சிறந்த நீச்சல் வீரரும், கூஸ்தோவும் பிரியா நண்பராயினர். 1937-இல் கூஸ்தோ சிமோன் மெல்சியோர் என்னும் மங்கையை மணந்தார். அம்மையார் கடற்படைக் குடும்பத்திற் பிறந்தவர். ழான் மிஷேல், பிலிப் என இரு மைந்தர் பிறந்தனர். அந்நாளில் நண்பர் மூவரும் கடலுட் சென்றது பெரும்பாலும் ஈட்டி கொண்டு மீன் வேட்டையாடுவதற்கே. ஒரு மூச்சில் இறங்கி ஏறும் அவ்வேட்டை அவர்க்கு நிறைவளிக்கவில்லை. நெடுநேரம் தங்கவேண்டுமென்னும் ஆசை வளர்ந்தது. 1939-இல் தூய பிராணவாயுவைச் சுவாசிக்குங் கருவியொன்றைச் செய்வித்து மூழ்கினார். ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்தில் உடல் வலிப்புற்று, இடுப்பிலிருந்த ஈயக் கட்டிகளைக் கழற்றி எறிந்து அரிதின் உயிர் தப்பினார். மறுமுறை முயன்றபோதும் அவ்வாறே நேர்ந்தது. நிலத்தில் உயிர் காக்கும் அவ்வாயு, ஆழத்தின் அழுத்தத்தில் நஞ்சாகும் என்பதை அவர் தம் உடலாலேயே கற்றார்.

இதன் காரணத்தை ஈண்டு விளக்குதல் தகும். கடலில் 10 மீட்டர் ஆழத்திற்கு ஒருமுறை, நாம் தரையில் தாங்கும் காற்றின் அழுத்தத்தைப் போன்ற மற்றோர் அழுத்தம் கூடுகின்றது. 30 மீட்டரில் அது தரையிலுள்ளதைப்போல் நான்கு மடங்காகும். ஆகவே மூழ்குவோன் சுவாசிக்குங் காற்றும் அவ்வவ்வாழத்து அழுத்தத்திற்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். குறைந்தால் மார்பு விரியாது. ஆழத்திற்கேற்பத் தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்வதும், மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றை விடுவதுமான ஒரு வால்வு இருப்பின் குறை தீரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரூக்கேரோல், தெனேரூஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் இத்தகைய வால்வை அமைத்திருந்தனர். ஆயின் மிகுந்த அழுத்தத்திற் காற்றை அடைத்துத் தாங்கவல்ல கலங்கள் அக்காலத்தில் இல்லாமையால் அது பரவவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றியிருந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமையால் கார்களை எரிவாயுவைக்கொண்டு ஓட்டுதற்கு எமில் கன்யான் என்னும் பொறியியலறிஞர் ஒரு வால்வை அமைத்திருந்தார். 1942-இன் இறுதியிற் கூஸ்தோ பாரிசு நகரில் அவரைக் கண்டு தம் குறையைக் கூறினார். எரிபொருட் பஞ்சத்திற்காகச் செய்த பொருள் கடலுக்குரிய பொருளாக மாறிற்று. 1943-இன் தொடக்கத்தில் பாரிசுக்கு அருகில் மார்ன் ஆற்றில் அதனைச் சோதித்தனர். நிமிர்ந்து நின்றாற் காற்று வீணாகப் பீறிட்டது. தலைகீழானாற் காற்று வரவில்லை. மூச்சை வெளிவிடுந் துளையும் வால்வும் வெவ்வேறு மட்டத்தில் இருந்தமையே காரணம் என உணர்ந்து, இரண்டையும் அருகருகே வைத்துத் திருத்தினர். அவ்வாண்டு ஜூன் மாதம், தென் கடற்கரையில் பாந்தோல் என்னுமிடத்துக்கு அண்மையில், மூன்று காற்றுக் கலங்களை முதுகிற் சுமந்து கூஸ்தோ இறங்கினார். சிமோன் அம்மையார் மேற்பரப்பில் மிதந்தவாறு கண்கொட்டாது காத்திருந்தார். கூஸ்தோ குட்டிக்கரணம் இட்டார்; தலைகீழாக நின்றார்; எவ்வகையில் திரும்பினும் மூச்சு இடையறாது வந்தது. அக்வாலங் என்று பெயர் பெற்ற அக்கருவியின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் மூழ்குவோர் அணிவன.

அவ்வாண்டிலேயே நண்பர்கள் மத்தியதரைக் கடலில் மூழ்கிக் கிடந்த கப்பல்களைப் படம் பிடித்தனர். போர் முடிந்தபின் கடற்படையில் நீரடி ஆராய்ச்சிக் குழு ஒன்று தூலோனில் அமைந்தது. துறைமுகங்களிற் கிடந்த கண்ணி வெடிகளை அகற்றுதலும் மூழ்குதற்குரிய விதிகளை வகுத்தலும் அதன் வேலை. அவ்விதிகள் உயிர் கொடுத்து வாங்கப்பட்டன. 1947-இல் எத்துணை ஆழம் செல்லலாகும் என்று அறிதற்காகக் கயிற்றிற் பலகைகளைக் கட்டித் தொங்கவிட்டு, இறங்குவோர் தாம் எட்டிய பலகையிற் கையொப்பமிட்டு மீளுமாறு செய்தனர். மொரிஸ் பார்க் என்னும் அனுபவம் மிக்க தோழர் 120 மீட்டர்ப் பலகையிற் கையொப்பமிட்டார். மேலே இழுக்கப்பட்டபோது உயிரில்லை. அழுத்தம் மிகுந்த இடத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் மதுவைப் போல அறிவை மயக்குகின்றது. அம்மயக்கத்தில் வாயிலுள்ள குழாயையும் மூழ்குவோன் விட்டுவிடுவான். இதன்பின்னரே காற்றைக்கொண்டு மிக ஆழஞ் செல்லலாகாது என்னும் வரம்பை அவர்கள் உறுதியாக ஏற்றனர். கூஸ்தோ இத்துயரை வாழ்நாளெல்லாம் மறந்திலர்.

குடும்பத்திலும் அந்நாளிற் கலக்கம் இருந்தது. தமையனார் பியேர் அந்துவான் போர்க்காலத்திற் பத்திரிகையாளராக ஜெர்மானியர்க்குச் சார்பாக எழுதியவர். 1946-இல் அவர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்பு சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. தமையனாரின் கொள்கையால் குடும்பப் பெயர்க்கே இழுக்கு நேர்ந்த காலத்தும், கூஸ்தோ அவரைக் கைவிட்டாரல்லர்.

1950-இல் அவர் வாழ்க்கையிற் கலிப்சோ வந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரிற் கட்டப்பட்டு, 1942-இல் நீரில் இறக்கப்பட்ட மரக்கப்பல் அது; பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கண்ணி வெடி அகற்றும் பணியை மேற்கொண்டு, போருக்குப் பின்னர் மால்ட்டா தீவுகளுக்கிடையே மக்களையும் கார்களையும் ஏற்றிச் சென்றது. நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். லோயல் கின்னஸ் என்னும் செல்வர் அதனை விலைக்கு வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்க் என்னும் பெயரளவான வாடகைக்குக் கூஸ்தோவிடம் ஒப்புவித்தார். கப்பலின் முன்பக்கத்தில் நீர்மட்டத்தின் கீழே கண்ணாடிச் சாளரங்களுடைய அறை ஒன்றும், நடுவே மூழ்குவோர் நேரே கடலில் இறங்குதற்கான கிணறு ஒன்றும் அமைக்கப்பட்டன. இச்செலவிற்காகச் சிமோன் அம்மையார் தம் அணிகலன்களை விற்றார். பிற்காலத்தில் உலகம் கூஸ்தோவை அறிந்ததேயன்றி அம்மையாரை அத்துணை அறியவில்லை. ஆயினும் ஆண்டில் மிகுதியான நாட்களைக் கப்பலிற் கழித்து, மாலுமியர்க்குத் தாயாகவும் மருத்துவராகவும் இருந்து, அக்குடும்பத்தைச் சிதறாது காத்தவர் அவரே.

1951 நவம்பரிற் கலிப்சோ விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு செங்கடலுக்குப் புறப்பட்டது. அரபு நாட்டுக் கரையை அடுத்த பரசான் தீவுப் பகுதியிற் பவளப் பாறைகளைக் கண்டனர். பவளப் பாறை என்பது வெறுங்கல் அன்று. ஊசிமுனை போன்ற சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் ஒருங்கு கூடித் தம் உடலைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படைத்துத் தலைமுறை தலைமுறையாக எழுப்பிய நகரம். அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, கதிரவன் ஒளியால் உணவு சமைத்து அவற்றிற்கும் அளிக்கின்றன. ஆகவே ஒளி புகும் தெளிந்த வெந்நீர்க் கடல்களிலேயே அவை செழிக்கும். நீருள் இறங்க இறங்கச் சிவப்பு நிறமே முதலில் மறைவது; ஆழத்தில் எல்லாம் நீலமும் சாம்பலுமாகத் தோன்றும். கூஸ்தோவின் தோழர்கள் மின்விளக்குகளைக் கீழே கொண்டுசென்று ஏற்றியபோது, அதுகாறும் எக்கண்ணும் காணாத செந்நிறமும் மஞ்சளும் பாறையெங்கும் எரிந்தன. மூழ்குதல், உண்ணுதல், உறங்குதல், கண்டதைக் குறித்து வைத்தல், மீண்டும் மூழ்குதல் என்பதே கப்பலில் நாள்முறை. ஆஸ்திரிய நாட்டு ஹான்ஸ் ஹாஸ் என்பாரும் அக்காலத்திலேயே செங்கடலிற் சென்று படமெடுத்துப் புகழெய்தினார் என்பதையும் சேர்த்துக் கூறுதல் முறை.

அடுத்த ஆண்டு, 1952-இல், மார்செய் நகருக்கு அண்மையில் கிராண்ட் கொங்லூவே என்னும் பாறைத் தீவின் அடியிற் பண்டைக் கலமொன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில் மதுச்சாடிகளும் மட்கலங்களும் ஆயிரக்கணக்கிற் குவிந்து கிடந்தன. ஆண்டுக் கணக்காக அவற்றை மேலே கொணர்ந்தனர். அவ்வேலையிலும் ஒரு தோழர் உயிர் நீத்தார். ஆயின் ஆராய்ச்சியை நடத்திய தொல்பொருளறிஞர் தாம் மூழ்குபவரல்லர். மேலே தளத்தில் நின்று, வந்த பொருள்களையே கண்டார். எப்பொருள் எதன்மேற் கிடந்தது என்பது சரியாகக் குறிக்கப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தோர், அங்குக் கிடந்தது ஒரு கலமன்று, ஏறக்குறைய நூறாண்டு இடையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக மூழ்கிய இரு கலங்கள் என்று தெளிந்தனர். 1960-இல் துருக்கி நாட்டுக் கெலிடோனியா முனையில், ஜார்ஜ் பாஸ் என்னும் அறிஞர் தாமே மூழ்கக் கற்று முறையாக அகழ்ந்தபோதுதான் இக்குறை நீங்கிற்று. ஆங்கு மூழ்குவோர்க்குத் தலைமை தாங்கினவர் கூஸ்தோவின் பழந்தோழர் தூமாவே என்பது மகிழ்ந்து நினைத்தற்குரியது.

1955-இற் கலிப்சோ செங்கடலிலும் இந்துமாக் கடலிலும் சுற்றியது. சூயசு வளைகுடாவின் வாயிலில், குபால் நீரிணையில், திசில்கார்ம் என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை அவர்கள் கண்டனர். அது 1941 அக்டோபர் 6-ஆம் நாள் இரவிற் கால்வாயிற் புகும் முறைக்காக நங்கூரமிட்டு நின்றபோது, ஜெர்மானிய விமானங்களாற் குண்டெறியப்பட்டு ஒன்பது உயிர்களோடு மூழ்கியது. எகிப்தில் போரிட்ட படைக்குரிய மோட்டார் சைக்கிள்களும் லாரிகளும் துப்பாக்கிகளும் காலணிகளும் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் அடுக்கியபடியே கிடந்தன. ரயில் இஞ்சின் இரண்டு, வெடித்த வேகத்தில் எறியப்பட்டு மணலில் நின்றன. அவற்றின் மேலெல்லாம் பவளம் படரத் தொடங்கியிருந்தது. மணியின் மேற்படிந்ததைச் சுரண்டிக் கப்பலின் பெயரைப் படித்த காட்சி படத்திற் பதிந்தது.

அப்பயணத்திற் பிறந்த படமே மௌன உலகம் என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கி, 1956-இற் கான் நகரப் படவிழாவில் முதற் பரிசும், அடுத்த ஆண்டில் ஆஸ்கார் பரிசும் பெற்றது. லூயி மால் என்னும் இளைஞர் அதனை உடனிருந்து இயக்கினார். உலகம் வியந்தது. ஆயின் அப்படத்தை இன்று காண்போர் வியப்போடு வேதனையும் அடைகின்றனர். அதில் ஆராய்ச்சியாளர் மீன்களை எண்ணுதற்காகப் பவளப் பாறையில் வெடிமருந்தை வெடிக்கச் செய்கின்றனர்; மீன்கள் வெண்வயிறு காட்டி மிதக்கின்றன. ஆமையின் முதுகில் ஏறி அமர்கின்றனர். கப்பலின் சுழலியில் அடிபட்ட திமிங்கிலக் கன்று ஒன்றைக் கொன்று துன்பம் தீர்க்கின்றனர். இரத்த மணத்திற்கு வந்த சுறாக்களைத் தளத்தில் இழுத்துப் போட்டுச் சினந்தீரக் கோடரியால் வெட்டுகின்றனர். கன்றைக் காயப்படுத்தியது தம் கப்பல். பழி தீர்த்துக்கொண்டது சுறாவின்மேல். அந்நாளில் இதனைக் குற்றமென்று எண்ணியோர் மிகச் சிலரே, கூஸ்தோவும் எண்ணவில்லை. எதையும் மறைக்காமல் அவரே படத்திற் காட்டினார் என்பதொன்றே, செய்தது பிழையென அவர் அன்று உணர்ந்திலர் என்பதற்குப் போதிய சான்று.

மாற்றம் ஒரு நாளில் வந்ததன்று. 1957-இல் அவர் கடற்படையை விட்டு மொனாக்கோ நகரத்துக் கடலியற் காட்சிச் சாலையின் தலைவரானார். 1960-இற் பிரெஞ்சு அணுசக்தித் துறையினர் கதிரியக்கக் கழிவுகளை மத்தியதரைக் கடலில் அமிழ்த்தத் திட்டமிட்டபோது, அவர் தம் நற்பெயரையெல்லாம் பணயம் வைத்து எதிர்த்தார், கரையோர மக்களும் உடன் எழுந்தனர், திட்டம் கைவிடப்பட்டது. ஆட்சியாளரின் உதவியை நாடி நின்ற ஆராய்ச்சித் தலைவர் ஒருவர் அவ்வாட்சியாளரையே எதிர்த்து நிற்றல் எளிதன்று.

அதே காலத்தில் மனிதன் கடலடியிற் குடியிருத்தல் கூடுமென்னும் கனவும் அவர்க்கிருந்தது. 1962-இல் மார்செய்க்கு அண்மையில் 10 மீட்டர் ஆழத்தில் இருவர் ஒரு வாரம் வாழ்ந்தனர். 1963-இற் சூடான் நாட்டுக் கடலில் ஷாப் ரூமி என்னும் பவளப் பாறையருகே சிறு கிராமமே அமைத்து, ஒரு மாதம் வரை மனிதர் தங்கினர். 1965-இல் அறுவர் 100 மீட்டர் ஆழத்தில் மூன்று வாரம் இருந்தனர். இம்முயற்சிகளுக்குப் பொருளுதவி செய்தவருள் எண்ணெய் எடுப்போரும் இருந்தனர். கடலடியில் மனிதனைக் கொண்டு வேலை வாங்குதலே அவர்தம் நோக்கம். கூஸ்தோ அவ்வழியை விட்டு விலகினார். கடலிற் குடியேறுவதினும் கடலைக் காப்பதே முதற்கடன் என்னும் எண்ணம் அவருள் வலுப்பெற்றது. இளமையில் தாம் மூழ்கிய கரைகளுக்கு மீண்டுஞ் சென்றபோது, மீன் கூட்டங்கள் நீந்திய இடங்கள் வெறிச்சோடிக் கிடக்கக் கண்டமையும் அதற்கொரு காரணமாயிற்று.

1968 முதல் தொலைக்காட்சி வழியே அவருடைய கடற்பயணங்கள் கோடிக்கணக்கான இல்லங்களிற் காட்டப்பட்டன. சிவந்த கம்பளித் தொப்பியும் மெலிந்த முகமும் உலகெங்கும் பழகின. சில காட்சிகள் முன்னேற்பாட்டுடன் எடுக்கப்பட்டன என்று குறை கூறினாரும் உளர். அக்குறை முற்றும் பொய்யன்று. எனினும் கடலைக் கண்டிராத உள்நாட்டுச் சிறுவர்க்கும் பவளமும் திமிங்கிலமும் தம் அண்டை வீட்டார் போலாயின. 1973-இல் கடலைக் காத்தற்பொருட்டுத் தம் பெயராற் சங்கம் ஒன்றை நிறுவினார். முன்பு சுறாவை வெட்டிய தளத்தினின்றே, சுறாவும் வாழவேண்டும் என்னும் செய்தி புறப்பட்டது.

முதுமையில் துயரங்கள் அடுக்கி வந்தன. தமக்குப்பின் பணியை ஏற்பார் என்று நம்பிய இளைய மைந்தர் பிலிப், 1979 ஜூன் 28-இல் லிஸ்பன் நகரத்தருகே நீர்விமான விபத்தில் மாண்டார். தந்தையார் அதன்பின் முன்போல் இருந்தாரல்லர் என்று உடனிருந்தோர் கூறுவர். 1990 டிசம்பரில் சிமோன் அம்மையார் காலமானார். மூத்த மைந்தரோடு பெயருரிமை பற்றி நீதிமன்றத்திற் பிணங்க நேர்ந்தது. 1996 ஜனவரியிற் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு தோணி மோதிக் கலிப்சோ மூழ்கிற்று. எத்தனையோ மூழ்கிய கலங்களைக் கண்ட கப்பல் தானும் அவ்வாறாயிற்று. மேலே எடுக்கப்பட்டதாயினும், அவர் வாழ்நாளில் அது மீண்டும் கடலோடவில்லை.

இத்தனை இடுக்கண்களினிடையேயும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. தென் துருவக் கண்டத்திற் சுரங்கம் தோண்ட இடமளிக்கும் உடன்படிக்கை உருவானபோது, உலகெங்கும் கையொப்பம் திரட்டி எதிர்த்தார். 1991-இல் மாட்ரிட் நகரில் நாடுகள் கூடிச் சுரங்கத் தொழிலைத் தடை செய்யும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. வருந்தலைமுறையினரின் உரிமைகளைக் கருதுதற்காகப் பிரெஞ்சு அரசு அமைத்த அவையின் தலைமை அவர்க்கு அளிக்கப்பட்டிருந்தது. 1995-இற் பசிபிக் பெருங்கடலில் அணுகுண்டுச் சோதனை மீண்டும் தொடங்கப்பட்டபோது, எண்பத்தைந்து வயதில் அப்பதவியைத் துறந்தார். 1997 ஜூன் 25-ஆம் நாள் பாரிசில் அவர் உயிர் பிரிந்தது. பிறந்த ஊரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில், வருந்தலைமுறையினர்க்கு இத்தலைமுறையினர் ஆற்றவேண்டிய கடமைகளைப் பற்றிய அறிக்கையை யுனெஸ்கோ ஏற்றது. அவர் நெடுங்காலம் வேண்டி நின்றதே அது.

இன்று செங்கடலில் மூழ்குவோரை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் பல உள. ஒரு வாரம் கடலிலேயே தங்கி, விடியுமுன் ஒருமுறை, பகலில் இருமுறை, இரவில் ஒருமுறை என இறங்குவாருண்டு. கலிப்சோவில் விஞ்ஞானிகளும் மாலுமியரும் வாழ்ந்த அவ்வாழ்வு, இப்பொழுது எழுத்தர்க்கும் ஆசிரியர்க்கும் விடுமுறைக் களிப்பாயிற்று. ஷாப் ரூமியில் எஞ்சியுள்ள கடலடிக் கூடத்தையும் அவர்கள் காண்கின்றனர். திசில்கார்ம் இருக்குமிடம் கூஸ்தோவிற்குப் பின் நெடுங்காலம் பொதுமக்கள் அறியாதிருந்தது. 1990-களில் மீண்டும் அறியப்பட்டபின் கூட்டம் பெருகிற்று. கப்பல்கள் தம் கயிறுகளை அக்கலத்தின் உறுப்புக்களிற் பிணித்து அவற்றைச் சிதைத்தன. மோட்டார் சைக்கிளின் உறுப்புக்களை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றாரும் பலர். ஒன்பது பேர் உயிர் துறந்த இடமென்பதை எண்ணியோர் சிலர். கடல் வெம்மை மிகுவதனாற் பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுத்து மடிதலும் உலகின் பல கடல்களில் நிகழ்கின்றது. ஆகவே எதனையும் தொடாதே, எதனையும் எடாதே என்னும் விதியை இறங்குமுன் கற்பித்தல் இப்போது நல்லோர் வழக்கம்.

அவ்விதியைக் கூஸ்தோ இளமையிற் கைக்கொண்டாரல்லர். அவர் செய்ததும் பட்டதுமே அவ்விதி பிறத்தற்குத் துணையாயின. அறிவு ஒரு கதவைத் திறக்கும்போது, அதன் வழியே நல்லாரும் புகுவர், அல்லாரும் புகுவர். திறந்தவனே முதற் பிழையைச் செய்தலும் உண்டு. பிழை செய்யாதவராக அவர் விளங்கியிருப்பின் நமக்கு அவரிடத்துக் கற்பதற்கு இத்துணை இராது. தம் கையால் நேர்ந்ததைத் தம் கண்ணாற் கண்டு, புகழின் உச்சியில் நின்றபோதே வழியை மாற்றிக்கொண்டு, எஞ்சிய நாற்பதாண்டுகளில் மிகுதியையும் கடலைக் காத்தற்குச் செலவிட்டமையே அவர் பெருமை. ஆய்வுக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் நாளை பல கதவுகளைத் திறக்கவிருக்கும் நம் மாணாக்கர், திறந்தபின் அவ்விடத்தை விட்டு அகலாது நின்று காக்கும் கடமையும் தமக்குண்டு என்பதை இவர் வரலாற்றினின்று நினைவிற் கொள்வாராக.